பெபஸ் நியூ பக்கத்தில் நிற்க ஒடுங்கிய தடித்த தமிழ் எழுத்துரு எது?

நத்தத்துக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் மின்னொளி கபடிப் போட்டி நடக்கப்போகிறது. பேனர், நோட்டீஸ், பனியன் மூன்றுக்கும் டிசைன் என் பொறுப்பு. பேனர் 4 அடி அகலம், 8 அடி உயரம். சாலையோரம் நிமிர்ந்து நிற்கும். மேலே "மின்னொளி கபடி" என்று தமிழில் பெரிதாக வர வேண்டும். அதன்கீழ் கபடி என்ற சொல் மட்டும் ஆங்கிலப் பேரெழுத்தில். பிறகு "மாநில அளவிலான போட்டி", அதற்கும் கீழே அணிகளின் பெயர்: நெல்லை, சென்னை, கோவை, திண்டுக்கல் என்று வரிசையாக.

ஆங்கிலத்துக்கு பெபஸ் நியூ போட்டிருக்கிறேன். விளையாட்டுப் போஸ்டருக்கு அந்த ஒடுங்கிய, நெஞ்சு நிமிர்த்திய தோற்றம் பிடித்திருக்கிறது. சிக்கல் தமிழில். பக்கத்தில் எந்தத் தமிழ் ஃபான்ட்டை வைத்தாலும் அது பரந்து விரிந்து உட்கார்ந்துவிடுகிறது, அல்லது மெலிந்து தெரிகிறது. இரண்டும் ஒரே குழுவின் ஆட்டக்காரர்கள் போலத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

போன வருஷம் ஊர்க்காரர்கள் வெளியே ஒரு கடையில் கொடுத்து அடித்த பேனரில் சாதாரண போல்டு எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கி ஒடுக்கியிருந்தார்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு "மின்னொளி" என்பதே புரியவில்லை. அமுக்குவது தவறு என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஏன் தவறு என்று யாரும் விளக்கியதில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். காசு கொடுத்து ஃபான்ட் வாங்க வழியில்லை, இலவசமாகக் கிடைப்பதைச் சொன்னால் நல்லது.

ஈயஎழுத்து எழுதியது:

தம்பி, போன வருஷத்துப் பேனரிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

ஒரு தடித்த எழுத்தில் நிமிர்ந்த கோடு 20 மி.மீ., படுத்த கோடு 16 மி.மீ. என்று வைத்துக்கொள். அதை அகலவாட்டில் 65 சதவீதத்துக்கு அமுக்கினால் நிமிர்ந்த கோடு 13 மி.மீ. ஆகிவிடும். படுத்த கோடு அதே 16 மி.மீ. அதாவது எழுத்தைத் தாங்கி நிற்கும் தூண் மெலிந்து, மேலே கிடக்கும் உத்திரம் தடித்துப்போகிறது. கண்ணுக்கு உடனே ஏதோ சரியில்லை என்று படுவது இதனால்தான். முறையாக வரைந்த கண்டென்ஸ்டு, அதாவது ஒடுங்கிய எழுத்தில் தூணின் தடிமன் பெரும்பாலும் அப்படியே இருக்கும். குறைவது உள்ளே இருக்கும் வெற்றிடம். வட்டங்கள் நெளிந்து நீள்வட்டமாகாமல், பக்கங்கள் நேராகி மூலைகள் மட்டும் வளையும். பெபஸ் நியூவில் ஆங்கில ஓ, டி இரண்டையும் பெரிதாக்கிப் பார், அந்த நேர்ப்பக்கம் தெரியும்.

இந்த எழுத்து வகை வளர்ந்ததே சுவரொட்டியில்தான். பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் கனம் தாங்காது, ஆறும்போது முகமும் சீராக வராது. 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்துகளை இயந்திரத்தால் கடைந்தெடுக்கும் வழியைக் கொண்டுவந்தார். 1834-இல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு, ஒரு மாதிரியைத் தொடர்ந்து போய் அதே வடிவை வேறு அளவில் வெட்ட உதவும் பேன்டோகிராஃப் கருவியைச் சேர்த்தார். அதன்பிறகு ஒரே எழுத்தைப் பல அளவில், பல அகலத்தில் வெட்டுவது எளிதாயிற்று. அச்சகத்தில் தாளின் அகலம் மாறாது, சொல்லின் நீளம் மட்டும் மாறும். நீளமான சொல்லுக்கு ஒடுங்கிய எழுத்து, குட்டிச் சொல்லுக்கு அகன்ற எழுத்து என்று வரிக்கு வரி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு வரியையும் விளிம்பு முதல் விளிம்பு வரை நிரப்பினார்கள். 1903-இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக மோரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்த ஆல்டர்னேட் காதிக் மூன்று அகலங்களில் வந்தது. அதில் நம்பர் 1 என்ற மிக ஒடுங்கிய வடிவத்தைத்தான் 2009-இல் லீக் காதிக் என்ற பெயரில் இலவசமாக மறுபடி வெளியிட்டார்கள். வெர்னன் ஆடம்ஸ் 2011-இல் தந்த ஆஸ்வால்டும் அந்தக் குடும்பத்து வாரிசுதான். ஜப்பானியரான ரியோயிச்சி சுனேகவாவின் பெபஸ் நியூவையும் நான் அந்தத் தெருவிலேயே குடிவைப்பேன்.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீ பேனர் முழுவதற்கும் ஒரே ஒடுங்கிய ஃபான்ட்டைத் தேடுகிறாய். தமிழில் அந்தத் தேடலே உன்னைத் தப்பான இடத்துக்குக் கொண்டுபோகும். ஆங்கிலப் பேரெழுத்துகளில் பெரும்பங்கு நிமிர்ந்த கோடு. ஒடுக்கினால் தாங்கும். தமிழில் எழுத்துக்கு எழுத்து தாங்கும் சக்தி வேறு. ப-வின் நடுவே குறுக்காக ஒரு கோடு இழுத்துப் பார், இரண்டு இடத்தில்தான் வெட்டும். ட-வில் ஒரே இடம். ரெண்டு சுழி ன-வில் அதைவிடக் கூடுதல், மூணு சுழி ண-வில் அதற்கும் மேல். ப, ட இரண்டையும் எவ்வளவு வேண்டுமானாலும் ஒடுக்கலாம், அழகாகவே இருக்கும். ன, ண, ஞ, ஜ, ஹ இவற்றைத் தடிமனும் குறையாமல் ஒடுக்கினால் சுழி அடைத்துக்கொள்ளும். சுழி அடைத்தால் ன எது, ண எது என்பது போய்விடும்.

இனி உன் சொற்களைப் பார். "கபடி" மூன்றே எழுத்து, பெரிய சுழி எதுவும் இல்லை. "மின்னொளி" நான்கெழுத்துதான், ஆனால் தாளில் இடம் கேட்பவை ஆறு: மி, ன், கொம்பு, ன, கால், ளி. அதிலும் நடுவில் ஒரு கொம்பு மட்டும் விட்டு இரண்டு ன. இந்த இரண்டு சொல்லையும் ஒரே வரியில் ஒரே அளவில் போட்டால் மின்னொளிக்காகக் கபடியும் சுருங்கும். இரண்டு வரியாகப் பிரி. கபடியைப் பேனரின் முழு அகலத்துக்கும் விடு. மின்னொளியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம் கிடைக்கும், தூரத்திலிருந்து கண்ணில் முதலில் விழ வேண்டியதும் அதுதான்.

ஃபான்ட்டுக்கு வருகிறேன். என் முதல் பரிந்துரை அனேக் தமிழ். மும்பையின் ஏக் டைப் குழு 2022-இல் வெளியிட்டது, ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் இலவசம். தடிமன் 100 முதல் 800 வரை, அகலம் 75 முதல் 125 வரை. எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ளலாம். மர எழுத்துக்காரர்கள் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்ததை இங்கே ஒரு ஸ்லைடரில் பெறுகிறாய். கபடிக்கு அகலம் 100, தடிமன் 700 என்று தொடங்கு. மின்னொளிக்கு அகலம் 80 அளவில், தடிமன் 800. சின்ன வரிக்கு ஏன் கூடுதல் தடிமன் என்றால், பெரிய வரியின் கோடு அளவாலேயே தடித்துவிடும். இரண்டு வரியின் கோடுகளும் கண்ணுக்கு ஒன்றையொன்று நெருங்கி வந்தால்தான் அவை ஒரே குரலில் பேசும். ன-வின் உள்ளே வெளிச்சம் குறைந்தால் தடிமனை 750-க்கு இறக்கு, அகலத்தைத் தொடாதே.

நோட்டோ சான்ஸ் தமிழ் இன்னும் ஒடுங்கும், 62.5 வரை போகும், தடிமன் 900 வரை. ஆனால் இந்த எண்களை ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிடாதே, அந்தந்த வீட்டுக் கணக்கு அது. நோட்டோ நன்றாகப் படிக்க வரும், "மாநில அளவிலான போட்டி" வரிக்குப் பொருந்தும். தலைப்புக்கு அதன் முகத்தில் கபடிக்கு வேண்டிய துணிச்சல் இல்லை என்பது என் எண்ணம். பலூ தம்பி 2 தடித்ததுதான், ஆனால் உருண்டை. குழந்தைகள் விழாவுக்கு வைத்துக்கொள்.

ஆங்கிலம்: கூகுள் ஃபான்ட்ஸில் பெபஸ் நியூவுக்கு ஒரே தடிமன். அனேக்கின் 800-க்குப் பக்கத்தில் அது மெலிந்து நிற்கும். அதே வெர்னன் ஆடம்ஸின் ஆன்டனைப் போட்டுப் பார். கறுப்பு கூடுதல், ஒடுக்கமும் இருக்கிறது. அனேக்கின் உள்ளேயே ஆங்கில எழுத்தும் உண்டு, அதே அகல ஸ்லைடருக்குக் கட்டுப்படும். ஆனால் பெபஸ் அளவுக்கு ஒடுங்காது. நான் செய்தால் ஆன்டன்.

சுவரெழுத்து எழுதியது:

ஈயஎழுத்து அம்மா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை. சுவரிலும் தகரப் போர்டிலும் பிரஷ் பிடித்தே பிள்ளைகளை வளர்த்தவன்.

சுவரில் முதலில் மேலும் கீழும் நூல் அடிப்போம். நீலம் தோய்த்த நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் கோடு விழும். அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் சொல் அடங்க வேண்டும். இடம் போதாவிட்டால் எல்லா எழுத்தையும் ஒரே மாதிரி ஒடுக்குவது வேலை தெரியாதவன் செய்வது. முதலில் கைவைப்பது காலில். துணைக்காலை எவ்வளவு ஒடுக்கினாலும் அது கால்தான். அடுத்து கொம்பு. அதற்கடுத்து ட, ப, ர. கடைசி வரைக்கும் தொடாமல் விடுவது ன, ண, ஞ. உங்கள் "மின்னொளி"யில் கொம்பையும் காலையும் கொஞ்சம் இறுக்கி, மிச்சமான இடத்தை இரண்டு ன-வுக்கும் பிரித்துக் கொடுங்கள். எழுத்தைக் கர்வ் ஆக்கிய பிறகு, அதாவது தட்டிய எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றிய பிறகு, கம்ப்யூட்டரிலேயே இதைச் செய்யலாம் என்று என் மகன் சொல்கிறான். அப்போதும் கால் எழுத்தின் கோட்டுத் தடிமனைக் குறைக்காதீர்கள், உள்ளே இருக்கிற இடைவெளியை மட்டும் குறையுங்கள்.

மேல்விலங்கையும், அதாவது எழுத்தின் மேல் வரும் இகரக் குறியையும் பாருங்கள். மி, ளி இரண்டிலும் விலங்கு வலது பக்கம் சரிந்து அடுத்த எழுத்தின் தலைக்கு மேல் போகும். போஸ்டர் எழுத்தில் அதை அந்த எழுத்தின் தலைக்கு நேரே நிமிர்த்தி நிறுத்தினால் இடம் மிச்சமாகும்.

அணிப் பெயரில் நெல்லை, சென்னை என்று போட்டிருக்கிறீர்கள். 1978 அரசாணைக்கு முன்னால் ணை, லை, ளை, னை நான்குக்கும் ஐகாரக் குறி யானைத் துதிக்கை மாதிரி எழுத்தோடு ஒட்டி மேலேறி நிற்கும். சொல்லும் குறுகலாக அடங்கும். அரசாணைக்குப் பிறகு மற்ற எழுத்துகள் மாதிரி இணைக்கொம்பு முன்னால் தனியாக வந்தது, அகலம் கூடிப்போனது. நான் கடைசியாக எழுதிய போர்டுகளில்கூட பெரியவர்கள் கேட்டால் துதிக்கை லை போட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் ஆடுகிற போட்டிக்கு அது வேண்டாம், அவர்கள் படித்த எழுத்தையே போடுங்கள். இணைக்கொம்பை மட்டும் ஒடுக்குங்கள். இரண்டு சுழி ஒன்றன்மேல் ஒன்று மோதாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நத்தத்துக்காரன்:

அக்கா, ஐயா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 65 சதவீதக் கணக்கை இன்று கமிட்டியில் இருக்கிற அண்ணன்களுக்கும் அப்படியே சொன்னேன், உடனே புரிந்துகொண்டார்கள்.

அனேக், ஆன்டன் இரண்டையும் இறக்கிப் போட்டுப் பார்த்தேன். கபடி தனி வரியாக நிமிர்ந்ததும் பேனரின் முகமே மாறிவிட்டது. ஒரு சந்தேகம். எங்கள் ஊர்க் கடையில் இருப்பது பழைய கோரல் டிரா. ஸ்லைடர் எதுவும் தெரியவில்லை. இன்னொன்று, எழுத்தைச் சுற்றி வெள்ளை அவுட்லைன் தடிமனாக வேண்டும் என்கிறார்கள். பின்னால் வீரர்களின் படம் இருப்பதால் எனக்கும் அது தேவை என்றுதான் தோன்றுகிறது.

ஃப்ளெக்ஸ்_பட்டறை எழுதியது:

பழைய கோரல்தான் காரணம். ஸ்லைடரில் அகலமும் தடிமனும் மாறுகிற வேரியபிள் ஃபான்ட்டைக் கோரல் 2020 பதிப்பிலிருந்துதான் எடுக்கும். இறக்கிய ஜிப்புக்குள் ஸ்டேட்டிக் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் கண்டென்ஸ்டு, செமி கண்டென்ஸ்டு என்று அகலவாரியாகத் தனித்தனி ஃபைல்கள் உண்டு. அவற்றை நிறுவுங்கள். 80 கிடைக்காது, 75 அல்லது 87.5 கிடைக்கும். மின்னொளிக்கு செமி கண்டென்ஸ்டு எக்ஸ்ட்ரா போல்டு போட்டு, எழுத்து உயரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

பழைய மென்பொருளில் இன்னொரு தொல்லை: யூனிகோடு தமிழ் உடையும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்விடும். "மின்னொளி"யில் அதுதான் முதலில் நடக்கும். போட்டோஷாப், இன்டிசைன் என்றால் வேர்ல்ட் ரெடி என்ற டெக்ஸ்ட் அமைப்புக்கு மாற்றினால் சரியாகும். கோரல் பழசாக இருந்தால் வேறு கம்ப்யூட்டரில் தட்டி, கர்வ் ஆக்கி, அதைக் கடைக்குக் கொடுங்கள். கர்வ் ஆக்கியதைக் கொடுத்தால் கடையில் ஃபான்ட் இல்லை என்ற பிரச்சினையும் இல்லை. நான் யார் ஃபைல் கொண்டுவந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

இம்பாக்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கடைக்கு வருகிற பாதிப் பேர் "இம்பாக்ட்ல தமிழ் அடிங்க" என்பார்கள். அது 1965-இல் ஜெஃப்ரி லீ என்பவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்த ஸ்டீஃபன்சன் பிளேக் வார்ப்பகத்துக்காக வரைந்த ஆங்கில எழுத்து. அதற்குள் தமிழே கிடையாது. பெட்டியில் இம்பாக்ட் என்று பெயர் காட்டும், திரையில் தெரிவது விண்டோஸ் தானாக மாற்றிக் கொடுத்த லதா அல்லது நிர்மலா என்ற ஃபான்ட்தான்.

அவுட்லைன் விஷயத்தில் கவனம். சாதாரணமாகப் போட்டால் கோடு பாதி வெளியே, பாதி உள்ளே போகும். ஒடுங்கிய எழுத்தில் உள்ளே போகிற பாதி எழுத்தையே தின்றுவிடும். கோரலில் அவுட்லைன் பெட்டியில் பிஹைண்ட் ஃபில் என்று ஒரு டிக் உண்டு, அதைப் போடுங்கள். அப்போதும் சுழிக்குள் இருக்கிற ஓட்டை வெள்ளையால் நிரம்பும். அது கேடு இல்லை, ஒரே நிறமாக நிரம்பினால் சுழி இன்னும் தெளிவாகத்தான் தெரியும். அதற்குமேல் கறுப்பு நிழல் ஒன்று சேர்ப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். போன வருஷப் பேனரிலும் அது இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஓரத்தில் மடித்து ஒட்டவும் வளையம் குத்தவும் இடம் வேண்டும். விளிம்பு முதல் விளிம்பு வரை என்று அக்கா சொன்னதை, பக்கத்துக்கு 3 அங்குலம் விட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈயஎழுத்து எழுதியது:

3 அங்குலம் சரி, நானும் அப்படித்தான் விடுவேன். சுவரெழுத்து ஐயா சொன்ன வரிசையை எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் கால், பிறகு கொம்பு, பிறகு ட, ப, ர. ஃபான்ட் வரைகிறவர்களுக்கும் அதுதான் பாடம்.

தம்பி, அடிக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய். பேனரை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தால் 6 அங்குல அகலம், 12 அங்குல உயரம். ஏ3 தாளில் அடங்கும். அதைச் சுவரில் ஒட்டி 10 அடி தள்ளி நின்றால், சாலையில் 80 அடி தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். டிசைனைப் பார்க்காத யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல். போர்டுத் தொழிலில் 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து உயரம் என்று ஒரு கணக்கு உண்டு. அது ஆங்கிலத்தை வைத்துச் சொன்னது. சுழி நிறைந்த தமிழ்ச் சொல்லுக்கு நான் ஒன்றரை மடங்கு கொடுப்பேன்.

வரிகளுக்கு நடுவே இடைவெளி விடும்போது ஆங்கிலப் பழக்கத்தைக் கொண்டுவராதே. ஆன்டனில் மேலும் கீழும் தட்டையாக இருக்கும், வரிகளை ஒட்டி ஒட்டி அடுக்கலாம். தமிழில் மேலே விலங்கும் புள்ளியும் நிற்கும், கீழே று, ழு, கு எல்லாம் இறங்கும். உன் தலைப்பில் நல்லவேளையாகக் கீழே இறங்கும் எழுத்து ஒன்றுகூட இல்லை. அதனால் மின்னொளிக்கும் கபடிக்கும் நடுவே நெருக்கலாம். டி-யின் விலங்கு மேலே ளி-யின் காலடியில் முட்டுகிறதா என்று மட்டும் பார். முட்டினால் மின்னொளியை ஒரு விரல் இடப்பக்கம் நகர்த்து. அணிப் பெயர் வரிசையில் "திண்டுக்கல்" வருகிறது, அதில் டு கீழே இறங்கும், க்-கின் புள்ளி மேலே ஏறும், மூணு சுழி ண-வும் இருக்கிறது. அந்தப் பட்டியலின் வரி இடைவெளியைத் திண்டுக்கல்லை வைத்தே முடிவு செய். அதற்குச் சரியாக இருந்தால் நெல்லைக்கும் கோவைக்கும் தானாகச் சரியாகும்.

தேதி, போன் எண் இரண்டையும் ஆன்டனில் போடாதே. 3, 8, 6 மூன்றும் தடித்து ஒடுங்கினால் தூரத்தில் ஒன்றுபோலவே தெரியும். அனேக்கிலேயே அகலம் 100, தடிமன் 600.